கமலா போயிட்டா

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். யார்டில் அரை நாள்தான் வேலை. கன்டெய்னர் நம்பர் எழுதும் தாளெல்லாம் நமத்துப்போச்சு.

கமலா இன்றும் சாப்பிடவில்லை. கரப்பானை முன்னால் விட்டால் காலால் தள்ளுகிறாள். எடுத்துவிட்டேன். டோல்கேட் கலர் மீன் கடை மூர்த்தி இந்த டரான்டுலாவை விற்கும்போது, "பொட்ட சிலந்தி தலைவா, ரொம்ப வருசம் உன்கூடவே இருக்கும்" என்றான். அந்த வார்த்தைக்காகத்தான் வாங்கினேன். எனக்குத் தெரிந்த கமலா யாரும் கிடையாது. அதனால் அந்தப் பெயர்.

சாயங்காலம் உள்ளங்கையில் ஏற்றினேன். முதல் தடவை. கனமே இல்லை. ஒவ்வொரு காலாக யோசித்து யோசித்து வைத்தாள். அப்புறம் மணிக்கட்டெல்லாம் அரிப்பு, முடியை உதிர்த்திருக்கிறாள். சொறிந்துகொண்டே சிரித்தேன். தூத்துக்குடியிலிருந்து எர்ணாவூர் வந்த பிறகு என்னைத் தொட்ட முதல் ஜீவன்.

நவ. 13, வியாழன்

வெயில். பெட்டியைத் திறந்தால் கமலா மல்லாந்து கிடக்கிறாள். நான் கையில் எடுத்ததால்தான். வேறென்ன.

மூர்த்திக்கு வாய்ஸ் மெசேஜ். வெளியே லாரி இரைச்சல், கத்திச் சொன்னேன்: "மூர்த்தி, கமலா போயிட்டா!" யார்டுக்கு லீவு.

மதியம் கதவைத் தட்டியது எதிர் வீட்டு தேவி அக்கா. மீன் விற்கிறவர். "தண்ணி வந்துச்சா" தாண்டி இதுவரை பேசியதில்லை. கையில் தூக்குவாளி.

"காதுல வுழுந்துச்சு தம்பி. சாவு வூட்ல அடுப்பு பத்த வெக்கக் கூடாது. ரசஞ்சோறு கீது, துன்னு. கூடப் பொறந்ததா?"

தலை தானாக ஆடியது.

சாப்பிட்டேன். அழுதேன்.

இருட்டும்போது மூர்த்தி பதில்: "சாவல தலைவா, தோலு உரிச்சிக்கினு கீது. அப்டித்தான் மல்லாக்கப் படுக்கும். கை வெச்சிடாத."

நவ. 14, வெள்ளி

கமலா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பளபளவென்று. பக்கத்தில் பழைய தோல், காலோடு காலாக அப்படியே. புதுப் பல் கெட்டியாகும்வரை தீனி கூடாது, தொடவும் கூடாது என்கிறான் மூர்த்தி.

பெட்டியைப் பரணில் ஏற்றித் துண்டு போட்டு மூடினேன்.

காலையில் இட்லி. ராத்திரி சோறு, பருப்பு. அக்கா நிலைப்படியில் உட்கார்ந்து, கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். "பாடி கூட கெடைக்கல. நீ ஊருக்குப் போயி மூஞ்சியாவது பாக்கலாம்ல?"

"பேச்சுவார்த்தை இல்லக்கா." எப்படி வாயில் வந்ததோ.

உண்மையைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கும் அவர் வருவாரே.

நவ. 16, ஞாயிறு

நேற்றும் சொல்லவில்லை.

காலையில் அக்கா நல்ல புடவை, தோளில் பை. மார்க்கெட் வியாபாரத்தை ஓரகத்தியிடம் விட்டுவிட்டாராம்.

"கெளம்பு. தூத்துக்குடிக்கு நானும் வரேன். தனியாப் போனா உள்ள வுடமாட்டானுங்க, கூட ஆளு இருந்தா வுடுவானுங்க. செத்தப்புறம் இன்னாத்துக்குப் பகை?"

எனக்காக யாரும் இப்படிக் கிளம்பி வந்ததில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துண்டை எடுத்தேன்.

"இதான்க்கா கமலா."

ரொம்ப நேரம் பார்த்தார். கமலா ஒரு காலை மெல்ல நகர்த்தினாள்.

"சாவலியா?"

"இல்லக்கா. தோல் உரிச்சிருக்கு."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். கழுவி வைத்திருந்த தூக்கை எடுத்துக்கொண்டார்.

"அப்போ அடுப்பு பத்த வெச்சுக்க."

நவ. 17, திங்கள்

மேகமூட்டம். எதிர் வீட்டில் மீன் வறுக்கும் வாசனை, கதவு சாத்தியிருக்கிறது. படியில் அக்கா குடத்தோடு ஒதுங்கி வழி விட்டார்.

கமலா தண்ணீர் குடித்தாள். நன்றாக இருக்கிறாள்.

ஊரில் அம்மாவுக்கு வயதாகிறது. ஒருநாள் நிஜமாகவே போன் வரும். அன்றைக்கு இந்த மாடியில் யாரிடம் போய்ச் சொல்வேன்?