மரியா என்றால் கடல்கள்

மாஸ்டர்,

இன்று காலை வகுப்பில் புது மார்க்கரைத் திறந்ததும் அந்தக் காட்டமான வாசனையில் உங்கள் நினைவு வந்துவிட்டது. அமீரகத்துப் புஜைராவில் நம் பள்ளியின் மாடி வகுப்பறை. இடைவேளையில் வெள்ளைப் பலகை முன்னால் நின்று, ஒரு சொல்லை எழுதி, அழித்து, மறுபடி எழுதும் நீங்கள்.

பிள்ளைகளுக்கு நீங்கள் ஆங்கில ஆசிரியர். யாழ்ப்பாணத்துக் குருமடத்தில் பாதிரியாராவதற்குப் படித்து, பாதியில் வெளியேறிக் குடும்பஸ்தரானவர் என்பதும், லத்தீனில் கவிதை எழுதுகிறவர் என்பதும் பக்கத்து வகுப்பில் வேதியியல் நடத்திய எனக்குத் தெரியும். "ஏன் மாஸ்டர் லத்தீன்?" என்று ஒருமுறை கேட்டேன். "தமிழில எழுதினா ஊர்ச்சனம் பிழை பிடிக்கும். இங்கிலீஷில எழுதினா பிள்ளையள் பிடிப்பினம். இதில பிழை பிடிக்க ஆளில்லை, ஐசே" என்றீர்கள்.

ஆள் வந்துவிட்டது. ஒருநாள் நீங்கள் அழிக்க மறந்த வரிகளை ஒரு பெற்றோர் படமெடுத்துப் புகார் அனுப்பினார். நடுவில் 'மரியா' என்றிருந்ததால், மாதாவுக்கான ஜெபத்தை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்த ஊரில் அது விளையாட்டல்ல. வேலை போனால் விசா போகும். உங்கள் மகளுக்கோ பிளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

முதல்வர் அறைக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனீர்கள். படியேறும்போது, "கோபப்பட்டுராதீங்க மாஸ்டர்" என்றேன். "கோபமோ? எனக்குத் தொண்டையே வறண்டுபோச்சு" என்றீர்கள்.

உள்ளே முதல்வர் அம்மாவும், அரபி ஆசிரியரான எகிப்தியரும் இருந்தார்கள். நீங்கள் விளக்கத் தொடங்குமுன் எகிப்தியர் கையுயர்த்தி, "முதலில் வாசியுங்கள்" என்றார். வாசித்தீர்கள். முதலில் தடுமாற்றம், பிறகு குரல் நிமிர்ந்தது. அவர் விரல் மேசையில் நெடிலையும் குறிலையும் தட்டத் தொடங்கியது. முடிந்ததும் முதல்வரைப் பார்த்து, "மேடம், இது ஷிஅர். கவிதை. ஜெபமில்லை" என்றார்.

"அப்படியானால் இந்த மரியா யார்?" என்று முதல்வர் கேட்டார்.

"ஆளில்லை மேடம். லத்தீனில் மரியா என்றால் கடல்கள்" என்றீர்கள்.

எண்ணெய் நிரப்ப நம் கடலில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களைப் பற்றிய கவிதை அது என்று சொன்னீர்கள். எத்தனையோ கடல் தாண்டி வந்த மாலுமி, ஊரின் கடைவிளக்குகளைப் பார்த்தபடி கரையிறங்க முடியாமல் நிற்கிறான். முதல்வர் அந்தப் படத்தை மறுபடி பார்த்தார். பிறகு, "கடைசியில் இறங்குகிறானா?" என்றார்.

"இன்னும் இல்லை மேடம். ரெண்டு வரி பாக்கி."

அவர் சிரித்துவிட்டார். எங்கள் முன்னாலேயே புகார் கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, "அது கடல்தான் சார், கவலைப்படாதீர்கள்" என்றார். வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்தீர்கள். "இனிக் கவனமா எழுதவேணும், ஐசே. கேக்க ஆளிருக்கு" என்றீர்கள். நான்தான் உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

போன வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் மகள் பேசினாள். அவள் இப்போது மருத்துவர். "அப்பா மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுத்தவர், அங்கிள். எழும்பேல்லை. ஒரு வருத்தமும் படேல்லை" என்றாள். அழுதேன்தான், ஆனாலும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து அவதிப்படவில்லை. அது போதும்.

நான் இன்னும் இங்கேதான், அதே மாடியில். விடைத்தாளில் எனக்கு விளங்காத எதையாவது ஒரு பிள்ளை எழுதியிருந்தால் உடனே சிவப்பு மையால் அடிப்பதில்லை, மாஸ்டர். பக்கத்தில் கூப்பிட்டு, "வாசி, கேக்கேன்" என்கிறேன்.