நிக்காஹ் தாளில் ஒட்டிய காகிதம்

14 மார்ச் 2016, டாண்டினாங்
வேலை முடித்து வந்தால் மேசையில், அகதி மனுக்களை விசாரிக்கும் ஆணையத்தின் கடிதம். அடைக்கலம் இல்லை. பதினேழு பக்கம். அதில் ஒரு வரி: இவருக்குத் திருமணமே ஆகவில்லை. எனக்கா? கல்யாணமாகி ஒன்பது வருடம், இரண்டு பெண் குழந்தைகள்!

மனைவி இல்லை, அதனால் மைத்துனனும் இல்லையாம். நானும் அவனும் லாரி ஓட்டியது, கஸ்னி சாலையில் தாலிபான் அவனை இறக்கிச் சுட்டது, பிறகு என்னைத் தேடி வந்தது, எல்லாம் கட்டுக்கதையாம். திருப்பி அனுப்பினால் அதே சாலையில்தான் நான் போகவேண்டும்.

15 மார்ச்
என் கைவேலைதான். நிக்காஹ் தாளை நகல் எடுக்கும்போது பிள்ளைகளின் அம்மா பெயர்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன். மொழிபெயர்த்தவர் எங்கள் ஊர்ப்பக்கம், ஜாகோரிக்காரர். வீட்டுப் பெண்ணின் பெயரை ஊர் ஆண் ஒருவன் கண்ணில் எவன் படவிடுவான்? போலித் தாள் என்று எழுதிவிட்டார்கள்.

17 மார்ச்
என்னோடு டைல் ஒட்டும் இஸ்ஹாக், அறைத்தோழன், வாய் ஓயமாட்டான். "முப்பத்தஞ்சு நாள் கெடு இருக்கு, கோர்ட்டுக்குப் போ. இல்லையா, அவங்களே டிக்கெட் எடுத்துத் தருவாங்க. ஜன்னல் சீட்டா கேட்டு வாங்கிக்கோ."

ஊருக்குத் திரும்பிப் போகமாட்டேன். தூக்கிக்கொண்டு போகட்டும் பார்க்கலாம்.

6 ஏப்ரல்
வக்கீல் ப்ரோன்வின். நான் சொல்வது உண்மையா என்று நீதிபதி பார்க்கமாட்டாராம். ஆணையம் முறைப்படி விசாரித்ததா என்பது மட்டும்தானாம். கோபம் வந்தது. பிறகு என் உயிரை யார்தான் பார்ப்பது?

அந்த அம்மாள் அசரவில்லை. "காகிதம் ஏன் ஒட்டுனீங்கன்னு அவங்க உங்களக் கேட்டாங்களா?"

கேட்கவில்லை. ஒரு வார்த்தைகூட. அதுதான் வழக்கு என்றார்.

12 ஏப்ரல்
மனு பதிவானது. கெடுவுக்கு ஆறு நாள் மிச்சம்.

3 ஆகஸ்ட் 2017
மறுபடி தள்ளிவைப்பு. இங்கேதான் இருக்கிறேன்.

21 நவம்பர்
குவெட்டாவில் பிள்ளைகளோடு இருக்கும் அவளிடம் இன்றுதான் போனில் காகித விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவு நாளும் வெட்கம். முதலில் சிரித்தாள். பிறகு பிடிபிடியென்று பிடித்தாள்.

"என் பேரு என்ன திருட்டுச் சாமானா, மூடி வைக்க? என் தம்பி பொறக்கவே இல்லேங்கிறாங்க. சத்தமா சொல்லுங்க. கூசுச்சுன்னா போனை அங்க வைங்க, நானே சொல்றேன்."

28 நவம்பர்
நீதிமன்றம். பெயரை மறைத்தால் சந்தேகம் வரும் என்பது யாருக்கும் தெரியும், தனியாகக் கேட்கத் தேவையில்லை என்றார் அரசு வக்கீல். இவரிடம் கேட்டதாகப் பதிவில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றார் நீதிபதி. அரசு வக்கீல் புரட்டினார், புரட்டினார். எழுந்து நின்று கத்தலாம் போலிருந்தது. ப்ரோன்வின் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார்.

15 டிசம்பர்
ஆணையத்தின் முடிவு ரத்து! வேறு அதிகாரி முதலிலிருந்து விசாரிக்கவேண்டும். நான் சொன்னதை நம்பினார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் இனி என்னைக் கேட்டே ஆகவேண்டும். இஸ்ஹாக் போலானி ரொட்டி சுட்டான், பாதி கரி. முழுதும் தின்றேன்.

9 மே 2018
புது அதிகாரி, பெண். அசல் தாளை நீட்டினேன், எதையும் ஒட்டவில்லை. மனைவியின் பெயர் என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் மறுபடி ஜாகோரி ஆண். எனக்காக அவர் தலையைக் குனிந்துகொண்டார். காது சுட்டது. இருந்தும் அவரைப் பார்த்தே சொன்னேன். மெதுவாக அல்ல. கேட்காததுபோல் இருந்தார், இன்னொரு தடவையும் சொன்னேன்.

2 பிப்ரவரி 2019
அடைக்கலம் கிடைத்துவிட்டது, இப்போது குடும்பத்தை வரவழைக்கும் படிவம். என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், தானே நிரப்புகிறேன் என்றான் இஸ்ஹாக். பேனாவை அவனிடம் கொடுக்கவில்லை. மனைவியின் பெயர் கேட்ட கட்டத்தில் பெரிய எழுத்தில் நானே எழுதினேன். இந்த நோட்டிலும் எழுதுகிறேன், முதல் தடவையாக.

மாஹ்குல்.