ஒன்றரைச் சுற்று

ஜனவரி 9
இன்றும் அதே வேலை. எண்ணூறு மீட்டர் என்றால் மைதானத்தில் இரண்டு சுற்று. சிட்டுவுக்கு வேகம் பிடித்துக் கொடுக்க நான் முன்னால் ஓட வேண்டும். ஒன்றரைச் சுற்றில், தண்ணீர்க் குழாய்க்கு நேரே, உள்பக்கமாக விலகிவிட வேண்டும். மிச்சம் அவளுடையது. அவளைக் கல்லூரியே தேடிப் போய் அழைத்து வந்தது. நான் மூன்று வருடமாக அழையா விருந்தாளி.

ஜனவரி 10
கால் வலி. மழை. போனேன்.

பிப்ரவரி 2
கோச் தானாகவே வந்து சொன்னார். "இருபதாம் தேதி தேர்வு ஓட்டம். அணியில ஒரு இடம் காலி. நீயும் ஓடிப் பாரேன்."

எனக்கு இது கடைசி வருடம். இதை விட்டால் கிடையாது. அப்பா வங்கி வாசலில் காவலாளி, லேசில் லீவு போடமாட்டார். கேட்டதும் "வர்றேன்" என்றுவிட்டார்.

பிப்ரவரி 20
எப்படி எழுதுவது?

முன்னால் நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவளின் மூச்சுகூடக் கேட்கவில்லை. இரண்டாம் சுற்றில் குழாய் வந்தது — கால் உள்ளே போயிடுச்சு. யாரும் தள்ளலை. மூணு வருஷம் பழகின கால், தானா கோட்டைத் தாண்டிப் புல்லுல போய் நின்னுடுச்சு. நின்ன பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது. செக்குமாடு மாதிரி ஆயிட்டேனே.

"பழக்கதோஷம்" என்றார் கோச். பழக்கியது யார்?

அப்பா ஓடி வந்து என் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தார். "எங்கம்மா அடி?"

"அடி இல்லப்பா."

பேருந்தில்தான் விளக்கிச் சொன்னேன். அப்பா என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 21
பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நான் இல்லை.

பிப்ரவரி 26
நாலு நாள் போகவில்லை. இன்று போனேன். ஏன் போனேன்?

"உனக்கு வெக்கமே இல்லையாடி?" என்றாள் சிட்டு. கிண்டல்தான்.

"இருந்தா மூணு வருஷம் முன்னாடியே போயிருப்பேன்."

சிரித்தாள். அப்புறம் அவளே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மார்ச் 8
மாதக் கடைசியில் எங்கள் மைதானத்திலேயே ஒரு பொதுப் போட்டி. அதில் இரண்டு நிமிடம் இருபது விநாடிக்குள் ஓடினால் மாற்று ஆளாகவாவது சேர்ப்பதாகக் கோச் சொல்கிறார். தனியாக ஓடிப் பார்த்தேன். மூன்று முறையும் குழாயடியில் கால் உள்ளே இழுத்தது. அப்பாவிடம் சொல்லிப் புலம்பினேன்.

மார்ச் 9
விடிந்ததும் அப்பா சீருடையோடு மைதானத்துக்கு வந்தார். குழாய்க்கு முன்னால், கோட்டுக்கு உள்ளே போய் நின்றார்.

"இப்போ உள்ளே வந்தா என் மேலதான் மோதணும்."

"எத்தனை நாளைக்குப்பா நிப்பீங்க?"

"நிக்கிறதுதானே என் உத்தியோகம்."

மார்ச் 17
ஒன்பது நாளும் வந்துவிட்டார். இருமல் வேறு. வராதீங்க என்றால் கேட்டால்தானே.

மார்ச் 30
கால் இழுக்கவில்லை. முழுதாக ஓடி முடித்தேன். ஐந்தாவது இடம். இரண்டு நிமிடம் இருபத்தொரு விநாடி.

கோச் கடிகாரத்தை என்னிடமே காட்டினார். "ஒரே ஒரு செகண்டும்மா..." உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். பிப்ரவரியில் வராததெல்லாம் சேர்த்து வந்தது.

ஏப்ரல் 17
கல்லூரி முடிந்தது. பயிற்சிக்குத் தந்திருந்த, எண் போடாத என் பனியனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சாமான் அறைக்காரர் பதிவேட்டை இரண்டு தடவை புரட்டினார்.

"உன் பேரே இதுல இல்லையேம்மா. நீயே வச்சுக்கோ."

ஏப்ரல் 18
காலையில் அப்பா பழையபடி கிளம்பி வாசலில் நின்றார். இனி எதுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

மைதானத்தில் அவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அந்தப் பனியனைத்தான் போட்டிருந்தேன். குழாயடியில் யாரும் இல்லை. இரண்டு சுற்றும் ஓடினேன்.