சிங்களச் சோதனைக்கு ஒளித்துப் படித்தது

4 மே 1964, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கந்தோர் மேசையெல்லாம் மண். கோப்புகளின் மேல் கல்லை வைத்துக்கொண்டு வேலை.

சோதனைக்கு மனுப் போட்டுவிட்டேன். பேனையை மூடும்போது மூடி கை தவறி உருண்டு மேசைக்கடியில் போயிற்று. பெரிய கிளாக்கர் மனுவை வாங்கி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். நீங்களும் சொல்லாதேங்கோ."

தை மாதம் எங்கள் கந்தோர்ச் சங்கக் கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினோம், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, சிங்களச் சோதனைக்கு ஒருவரும் போவதில்லை என்று. தீர்மானத்தைக் கொண்டுவந்ததே அண்ணன். நானும் தூக்கினேன். அன்று பயம் இல்லை. போன கிழமை கடிதம் வந்தது: என்னுடையது தற்காலிக நியமனம், சோதனை பாஸ் இல்லாவிட்டால் நீட்டிக்க மாட்டார்கள். மகள் பிலோவின் அப்பா செத்த பிறகு இந்த வேலைதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு. இருப்பது அண்ணன் வீட்டில். கலியாணம் கட்டாத மனிதர், அதே கந்தோரில் களஞ்சியப் பகுதி. எங்களை ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரியவந்தால் என்ன செய்வேன்.

பிலோவின் சப்பாத்து அறுந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

6 மே, புதன்

எங்கள் கந்தோர் மஜீத் நானா போன வருஷமே சோதனை பாஸ். கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வருகிறவர். பழைய கோப்பு அறையில் இருந்து சாப்பிடுவார், அங்கே ஒருவரும் வருவதில்லை. போய்க் கேட்டேன், எப்படிப் படித்தீர்கள் என்று. அவர் சொல்லச் சொல்லக் கலண்டர்த் தாளின் பின்புறத்தில் எழுதினேன்.

- சத்தமாக வாசி. வாய்க்குள் முணுமுணுத்தால் நாக்குப் பழகாது.
- பார்த்துப் பார்த்து எழுதாதே. பார், மூடு, பிறகு எழுது. திறந்து ஒத்துப்பார்.
- பிழைவிட்ட சொற்களை மட்டும் தனியே எழுதி வை. சரியானதைத் திரும்பத் திரும்பப் படித்து மகிழாதே.
- தீப்பெட்டி, சவர்க்காரத் தாள், பஸ் பலகை, கண்ணில் பட்டதெல்லாம் வாசி.

"வீட்டில சத்தமா வாசிக்க ஏலாதே நானா."

"அப்ப கடலுக்குப் போங்க தங்கச்சி. மீனுக்கு எல்லாப் பாஷையும் ஒண்டுதான்."

சிரித்தேன். பிறகு மத்தியானம் இரண்டு தரம் தட்டெழுத்தில் பிழை விட்டேன்.

9 மே, சனி

வாசிக்க இடம் கிடைத்துவிட்டது, கிணற்றடி. உடுப்புத் தோய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில் புத்தகத்தைச் சேலைக்குள் சுற்றி வைத்துவிட்டு, உடுப்பை அடிக்கும் சத்தத்தில் வாசித்தேன். நல்ல வேகம் வந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

வேலிக்கு அங்கால் திரேசாக்கா, "என்ன, செபமாலையோ?"

"ஓம் அக்கா."

"எனக்காகவும் ஒரு பத்து மணி சொல்லும்."

செபத்தின் பெயரில் பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். சுவாமியார் சங்கக்காரரின் சிநேகிதர், அவரிடம் எப்படிச் சொல்வது. நனைந்த உடுப்பையே மூன்று தரம் தோய்த்தேன், அண்ணனின் சேட்டில் தையல் விட்டுவிட்டது.

12 மே, செவ்வாய்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மஜீத் நானா (இந்தக் கொப்பியில் இனி ம.நா.) சிங்களப் பத்திரிகையில் ஒரு துண்டைக் காட்டி வாசிக்கச் சொன்னார். ஒரு இடத்திலும் தடக்காமல் வாசித்தேன். சோற்றுக் கை அப்படியே நின்றது அவருக்கு. "என்னைவிட வடிவா வாசிக்கிறீங்களே. சரி, என்ன நடந்ததாம் அதில?"

தெரியவில்லை. ஒரு சொல்லும் தெரியவில்லை. வீடு எரிந்து ஒரு தாயும் பிள்ளையும் செத்த செய்தி அது. நான் அதை இராகமாக வாசித்திருக்கிறேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் காரணம் பிடிபட்டது. ஏழு வயதிலிருந்து கோயிலில் இலத்தீன் பாட்டு. பிரார்த்தனை முழுவதும் மனப்பாடம், அர்த்தம் ஒன்றுக்கும் தெரியாது, தெரிய வேண்டும் என்று ஒருவரும் கேட்டதும் இல்லை. உச்சரிப்புக்குப் பரிசும் தந்தார்கள். என் நாக்கு நான் இல்லாமலே ஓடப் பழகிவிட்டது. சிங்களத்தையும் அப்படியே ஓதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சோதனைக்கு இன்னும் ஒரு கிழமையும் சொச்சமும்.

ம.நா. சொன்ன மாற்று வழி: ஒரு வசனம் வாசி. கையால் மூடு. அதில் என்ன இருந்தது என்று உன் சொந்தத் தமிழில் உனக்கே சொல். சொல்ல வராவிட்டால் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள், திரும்பப் போ. தெரியாத சொல்லுக்கெல்லாம் நிற்காதே, விரலை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ, கொஞ்சம் தள்ளி அது தானாகவே விளங்கும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம். எருமை மாதிரி நகருகிறேன்.

14 மே, வியாழன்

இராச்சாப்பாடு, புட்டும் சூடை மீன் குழம்பும். பிலோவுக்கு உறைத்துவிட்டது. தண்ணீர் கேட்டாள். எந்தப் பாஷையில்? "வத்துர தென்ன."

அண்ணன் புட்டைக் குழைத்த கையை எடுத்தார். "எங்க பழகினனீ அதை?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் குழம்புச் சட்டியைப் பார்த்தேன்.

"சந்தையில மாமா. மீன் வாங்க வாற ஆக்கள் கதைக்கிறவை."

அண்ணன் தண்ணீரை வார்த்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். எட்டு வயதுப் பிள்ளைக்கு என் பயம் தொற்றிவிட்டது. நான் சொல்லிக்கொடுக்காமலே பொய் சொல்லுகிறாள், அதுவும் எனக்காக. குசினிக்குள் போய் அழுதேன். வெங்காயம் ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு அழுதேன்.

17 மே, ஞாயிறு

பூசை. காற்றில் கோயில் யன்னல் எல்லாம் அடித்தது. பாட்டில் என் குரல் வரவில்லை, அர்த்தம் என்ன என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

திரும்பும்போது பஸ் நிலையம். குச்சவெளிப் பஸ்ஸின் பலகையில் தமிழ்ப் பெயரைப் பெருவிரலால் மறைத்துவிட்டுச் சிங்களத்தை வாசித்தேன். பிறகு மூதூர், கந்தளாய். இது நல்ல வழி. பிலோவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூக்கினாள். தூரத்தில் சங்கச் செயலாளர் சைக்கிளில் வந்தார். விரலை எடுத்துத் தலைமயிரை ஒதுக்கினேன். "பிள்ளை, மழை வருமோ எண்டு பாக்கிறியோ?" என்றார். ஓம் என்றேன். மேகம் ஒரு துண்டு இல்லை.

20 மே, புதன்

பசு, தென்னை மரம், என் பாடசாலை. மூன்று கட்டுரைகளும் தலைகீழாகப் பாடம். ம.நா.விடம் ஒப்புவித்தேன்.

"அவன் பசுவைக் கேக்காட்டி என்ன செய்வீங்க? பாடமாக்கினது வேற ஆளுட சட்டை தங்கச்சி, போட்டா இழுக்கும். ஒவ்வொரு நாளும் உங்கட நாளை நாலு வரி எழுதுங்க. தெரிஞ்ச சொல்லை வச்சே எழுதுங்க."

வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் இருந்து எழுதினேன். இன்று பெரிய காற்று. எனக்குப் பயம். என் அண்ணன் நல்லவர். அவருக்குத் தெரியாது. இவ்வளவுதான் வந்தது. சுற்றி வளைத்துச் சொல்லவோ பொய் சொல்லவோ அந்தப் பாஷையில் என்னிடம் சொல் போதாது. வாசித்துப் பார்த்தேன், முழுவதும் விளங்கியது. அடுப்பில் போட்டேன்.

22 மே, வெள்ளி

நாளை. அண்ணனிடம் கட்டைபறிச்சானுக்குப் போகிறேன், சிநேகிதிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்றேன். "கையோட ஏதும் கொண்டுபோ" என்று சீனியும் பால்மாவும் வாங்கி வந்து வைத்தார்.

சாப்பிட முடியவில்லை.

23 மே, சனி

எழுதியாயிற்று. மண்டபத்தில் தமிழ் முகங்கள் சில. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

முதலில் கேள்விகளை வாசித்தேன், பிறகு பந்தியை. ம.நா. கடைசியாகச் சொன்ன வழி. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதிப் பயம் குறையும். கால்வாசி குறைந்தது. கட்டுரைக்குப் பசு வரவில்லை. நீ வசிக்கும் ஊரைப் பற்றிச் சிநேகிதருக்குக் கடிதம். துறைமுகம், காற்று, மண், கல் வைத்த கோப்புகள் என்று எழுதினேன்.

பிறகு வாய்ச் சோதனை. மூக்குக்கண்ணாடி போட்ட ஐயா ஒரு பந்தியைத் தந்தார். கிணறு வற்றிய ஊரைப் பற்றியது. வாசித்தேன், மெதுவாக, அசிங்கமாக, நின்று நின்று. என்ன நடந்தது என்று கேட்டார். கை தானாகவே தாளை மூடியது. சொன்னேன். அவர் குனிந்து ஏதோ எழுதினார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சீனியும் பால்மாவும் கோயில் வாசலில் இருந்த கிழவிக்கு.

20 ஜூலை, திங்கள்

இந்தக் கொப்பியைத் தொட்டு நாளாயிற்று.

பாஸ். பெரிய கிளாக்கர் கோப்புக்குள் வைத்துத் தந்தார். ம.நா. என் மேசையில் பேப்பரில் சுற்றி மஸ்கட் இனிப்பு வைத்துவிட்டுப் போனார். பிலோவும் நானும் கிணற்றடியில் இருந்து தின்றோம். வேலை இனிப் போகாது. அப்படியிருந்தும் சைக்கிள் மணி கேட்டால் திடுக்கிடுகிறேன்.

23 ஜூலை, வியாழன்

காலையில் அறிவித்தல் பலகையில் ஒரு சுற்றறிக்கை. சிங்களத்தில் மட்டும். முந்தி இங்கிலீசும் சேர்ந்து வரும். பெரிய கிளாக்கர் லீவு. ம.நா.வுக்குக் காய்ச்சல், இரண்டு நாளாக வரவில்லை.

நம் ஆட்கள் பலகையைச் சுற்றி. அண்ணன் முன்னால். "எங்களுக்கு விளங்காதெண்டு தெரிஞ்சுதான் ஒட்டியிருக்கிறாங்கள். விடுங்கோ, போய் வேலையைப் பாப்பம்."

நான் பின்னால் நின்று வாசித்தேன். வாய்க்குள்தான். ஒரு வசனம், நிறுத்தம், அடுத்த வசனம். சோதனைக்குத் தோற்றாதவர்கள், நிரந்தரமானவர்களும்தான், அடுத்த முறை தோற்றுவதாக மனுக் கொடுக்க வேண்டும். சிங்களத்தில். நாளை நாலு மணிக்குள். கொடுக்காதவர்களின் பெயர்கள் கொழும்புக்குப் போகும், ஓய்வு கொடுத்து அனுப்ப. இலத்தீன் மாதிரி ஓடியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும். எல்லாம் விளங்கியது.

ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. பலகைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, போகாதேங்கோ. நான் சொல்றன்."

வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். யாரோ பின்னால், "இவவுக்கு எப்பிடித் தெரியும்?" அண்ணன் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றார். முடித்த பிறகு, "இன்னொருக்காச் சொல்லு. மெதுவா."

பின்னேரம் எல்லாரும் எங்கள் வீட்டில். சங்கச் செயலாளரும். அண்ணன்தான் கூட்டி வந்தார். இருக்கக் கதிரை போதாமல் பிலோ வாங்கு தூக்கி வந்தாள். அண்ணன் ஒவ்வொருவரின் பெயரையும் பதவியையும் சொல்ல, நான் சிங்களத்தில் மனு எழுதினேன். வாங்கிக் கையெழுத்து வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கோபமாக ஒருவரும் பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

எல்லாரும் போன பிறகு கேட்டேன், "உங்கட?"

"என்ரை பேரை அந்த எழுத்தில எழுதத் தெரியுமோ உனக்கு?"

"ஓம்."

மனு முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். மேலே இருந்த தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "வடிவாத்தான் எழுதுறாய்" என்றார். எத்தனை நாளாகப் படிக்கிறாய் என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

கையெழுத்து வைக்கவில்லை. நாளை நாலு மணி வரைக்கும்தான்.