எடைமேடை ஓரத்து மஞ்சள் கட்டம்

நேற்று மத்தியானம் மகள் போன் செய்தாள். பழக்க தோஷத்தில் ஷெட்டை விட்டு ஓடி, எடைமேடை ஓரமாக நீ பெயின்டால் போட்ட மஞ்சள் கட்டத்துக்குள் போய் நின்றேன். "அல்லோ, சாப்ட்டியா? சாப்ட்டியான்னேன்" என்று லாரிக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "ஏம்பா கத்துற? காது போவுது" என்றாள். உள்ளே வந்தால் கிரேன் ஆப்பரேட்டர் சிரிக்கிறான். "இன்னாணா, உள்ளயே சூப்பரா கேக்குது. நீ இன்னாத்துக்கு வெயில்ல போய் கத்திக்கினு கீற?" எட்டாவதோடு நின்ற மூளை. கட்டத்தை விட்டு வெளியே வர அதற்கு இன்னும் தெரியவில்லை.

நீ போன பிறகு ஷெட் கூரையில் சிக்னலுக்கென்று வெள்ளைப் பெட்டிகள் மாட்டிவிட்டார்கள். கம்பி உருட்டுகிற இரைச்சலுக்கு நடுவிலும் குரல் அறுவதில்லை. நீ இரண்டு வருஷம் கேட்டது இதைத்தான்.

அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கூரையும் தகரம், சுவரும் தகரம். உள்ளே பாதி வார்த்தைதான் வரும். போன் கம்பெனிக்குப் புகார் சொன்னால், உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக உள்ளது என்பார்கள். சோதிக்க வந்த இன்ஜினியர் மடியில் கம்ப்யூட்டரோடு சிப்காட் ரோட்டில் காரிலேயே இரண்டு சுற்று சுற்றினார். நீ கண்ணாடியைத் தட்டினாய்.

"ரோட்ல யாரு சார் பேசறா? உள்ள மெசினாண்ட வந்து பேசிப் பாரு சார்."

"ரீடிங் நல்லா இருக்குங்க" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்தக் கண்ணாடியை அன்றைக்கே உடைத்திருக்க வேண்டும்.

நீ உடைக்கவில்லை. ஒரு நோட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடத்தில் குரல் அறுந்தது என்று எழுதினாய். அறாமல் கேட்ட ஒரே இடத்தில் மஞ்சள் கட்டம் போட்டாய். நாங்களோ அறுந்த குரலை வைத்துப் பிழைத்தோம். பெண்டாட்டி ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால், "கேக்கல, உட்டு உட்டு வருது." மச்சான் பைக் கேட்டாலும் அதே. அதில் நான்தான் கில்லாடி.

"கேக்கறத கேக்கலன்னு சொல்லாத நைனா. அப்புறம் நோட்ல எழுதறத எவன் நம்புவான்?" என்றாய் ஒருநாள், கடுப்போடு. நேருக்கு நேர் நின்றுகொண்டு, "கேக்கல" என்றேன். நீயும் சிரித்துவிட்டாய்.

பிறகு ஒரு நாள், எனக்கு வார லீவு. மீன் குழம்பில் கை வைத்திருந்தேன். நீ கூப்பிட்டாய். "கேக்கல, உட்டு உட்டு வருது" என்று வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வாட்ச்மேன் கூப்பிட்டார். மெஷின் பக்கத்தில் சுருண்டு கிடந்தாயாம். நெஞ்சுவலி. என் வீடு கம்பெனி கேட்டிலிருந்து ஐந்து நிமிஷம்.

அடுத்த வாரம் அதே கார் வந்தது. கதவைத் திறந்து அந்த இன்ஜினியரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "என்னக் கூப்ட்டான் சார் அவன். கேக்கல. உன் டவராலதான் ஒரு உசுரு போச்சு." ஆள் வெளுத்துப்போனார். முதல் தடவையாக இறங்கி உள்ளே வந்தார். மறு மாதமே பெட்டிகள் வந்துவிட்டன. "நீ கத்தனதாலதாண்ணா வந்துச்சு" என்று இன்றைக்கும் டீ வாங்கித் தருகிறார்கள். குடிக்கிறேன்.

இன்ஜினியர் மேல் கோபம் பொய்யில்லை. முன்பே இறங்கியிருக்க வேண்டிய ஆள்தான். அவரிடம் கத்தினேன், மேனேஜரிடம் கத்தினேன், உன் வீட்டு வாசலில் நின்றும் கத்தினேன். ஒன்றை மட்டும் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. அன்று நீ மஞ்சள் கட்டத்துக்குள் நின்றுதான் பேசினாய். "நைனா, வண்டிய எடுத்துக்கினு கொஞ்சம் வாயேன்." மறுபடியும் புகார் கொடுக்கத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன்.

எனக்கு நன்றாகக் கேட்டது.