பெட்டியில் இல்லாத பிரேக்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நீ கூப்பிட்டும் நாங்கள் போனை எடுக்கவில்லை, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் திருட்டுப் போகவில்லை. நான் எங்கேயும் மோதிக்கொண்டு கிடக்கவில்லை. காரை வாங்கிப்போக நீ ஏற்பாடு செய்த வியாபாரி நம் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று உனக்குப் போன் போட்டாரே, அந்த நேரத்தில் கார் எங்களிடம்தான் இருந்தது. நாங்கள் அதற்குள் இருந்தோம். மீதியைப் பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது பார்.

முதலில் நீ கேட்டதை எழுதுகிறேன். நீ அனுப்பிய பிளாஸ்டிக் கட்டைக் கார் எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுதி அனுப்புங்கம்மா, எங்கள் குழுவில் எல்லோருக்கும் காட்டுகிறேன் என்றாய். தலை நரைத்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் கூடிப் பொம்மைக் கார் கட்டுகிற குழு அது. அங்கே இனிப்பு தடவித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது. எனக்கு அது வராது. முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவள் நான். தேறாதவரைத் தேறவில்லை என்றுதான் சொல்வேன்.

பெட்டி நல்ல கனம். கொண்டுவந்து இறக்கிய ஆள் உள்ளே கிரைண்டரா என்று கேட்டார். திறந்தால் மூவாயிரத்துச் சொச்சம் துண்டுகள், எண் போட்ட பைகளில். கூடவே தலையணை மாதிரி ஒரு புத்தகம். அதில் எழுத்தே இல்லை, எல்லாம் படம். அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் கறுப்புத் துண்டையும் கருஞ்சாம்பல் துண்டையும் ஒரே பையில் போட்டு வைத்த புண்ணியவானை எனக்குப் பார்க்கவேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம்.

உன் அப்பா இருந்ததால் பிழைத்தேன். மருந்துக்கடையை மூடிவிட்டு வந்த நாளிலிருந்து மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பரணில் கிடந்த காலி மாத்திரை டப்பாக்களை இறக்கி, துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்து, சாப்பாட்டு மேஜை முழுக்க அடுக்கிவிட்டார். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். எந்தத் துண்டு கேட்டாலும் மருந்து எடுத்துக் கொடுப்பதுபோலவே, ஒருமுறை படத்தைப் பார்த்து, ஒருமுறை துண்டைப் பார்த்து, அப்புறம்தான் என் கையில் வைப்பார். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மட்டும்தான் சொல்லவில்லை.

கியர் பெட்டி வந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. கியர் பெட்டியைப் பற்றி எனக்கு ஒரு படப் புத்தகம் பாடம் எடுப்பதா என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நானே கட்டினேன். கட்டி முடித்து உருட்டினால் சக்கரம் நகரமாட்டேன் என்றது. உன் அப்பா மெதுவாக, "கோச்சுக்காதே, அந்தச் சின்ன சக்கரத்தைத் திருப்பி மாட்டியிருக்கே" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. வருஷக்கணக்கில் டாக்டர் கையெழுத்தைப் படித்தவருக்கு இந்தப் படம் எம்மாத்திரம். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினோம். உன் குழுவில் எழுது: கார் ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

நல்லதையும் சொல்லவேண்டும். ஸ்டியரிங் சட்டைப் பொத்தான் அளவுதான், ஆனால் திருப்பினால் முன்சக்கரம் சொன்ன பேச்சுக் கேட்கிறது. பானெட்டைத் தூக்கினால் எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. கதவு மூடும் சத்தம்கூட நம் காரைவிட மேல். குறை என்றால், டிக்கியில் ஸ்டெப்னி இல்லை. பக்கக் கண்ணாடி என்று வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள், அதில் பின்னால் வருவது எதுவும் தெரியாது. பின்னால் பார்க்க முடியாத காரை நான் வீட்டு வாசல் தாண்ட விடமாட்டேன். பத்துக்கு ஏழு. அதற்கு மேல் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

இன்னொன்று. பெட்டியின் மூலையில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருக்கிறது. எந்த வயதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்று போடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயுமே போடவில்லை.

இனி நீ கேட்காதது.

பெட்டிக்குள் நீ ஒரு அட்டை வைத்திருந்தாய். "இனிமே இந்தக் காரை ஓட்டுங்கம்மா, இதுல ஆபத்தே இல்லை" என்று. நீ ஆசையாகத்தான் எழுதியிருப்பாய். எனக்கு வயிறு எரிந்தது. அட்டையை அடுப்பில் போடலாமா என்றுகூட நினைத்தேன். ஸ்கூலில் கழித்துப்போட்ட காரை நான் வாங்கி, நானே பார்த்துப் பார்த்து ஓடவைத்திருக்கிறேன். இந்தத் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அதை விற்றுவிட்டு, எங்கே போகவேண்டுமானாலும் யாராவது வரமாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கவேண்டும், கையில் ஒரு பொம்மையோடு. அப்படித்தானே?

கேட் தூணில் காரை இடித்தேன் என்பதுதான் உன் கையில் இருக்கிற ஒரே ஆதாரம். உனக்குத் தகவல் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஒற்றர் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார். பொம்மைக் காருக்குப் பின்சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த அன்று அவரே வாயைத் திறந்தார். நான் பின்னால் எடுத்தபோது அவர்தான் பின்னால் நின்று "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது பார்த்தது தூணை இல்லை, கையிலிருந்த போனை. இந்தப் பாதியை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டாராம். "பையன் பயந்துட்டான், அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றார். அவரை நீ ஒன்றும் கேட்காதே. நான் கேட்டாயிற்று.

நீ பயப்படுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. போன மாதம் நானாகவே போய்க் கண்ணைக் காட்டினேன். டாக்டர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார், பகலில் தாராளமாக ஓட்டலாம், இருட்டிவிட்டால் வேண்டாம் என்றார். அன்றோடு இருட்டில் எடுப்பதை விட்டுவிட்டேன். யாரும் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கவேண்டியிருக்கவில்லை. சோதித்துப் பார்த்தவர் பாதியை விடச் சொன்னார். நீ பார்க்காமலே முழுவதையும் விடச் சொல்கிறாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பொம்மைக் கார் முடிந்த பிறகு உன் அப்பா அதை விடவே இல்லை. மேஜையில் வைத்துக்கொண்டு கியர் போட்டு உருட்டுவார், பிஸ்டன் ஆடும். நியூட்ரலில் தள்ளி உருட்டுவார், பிஸ்டன் சும்மா நிற்கும். மறுபடி கியர், மறுபடி நியூட்ரல். அப்புறம் என்னைப் பார்த்து, "இவ்வளவுதானா இது? இதுக்கா நான் இத்தனை வருஷம் பயந்தேன்?" என்றார். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன், இந்த மனிதரை மட்டும் ஸ்டியரிங் பக்கமே இழுக்க முடிந்ததில்லை. அவராகவே, "எனக்கு இப்போ வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். வேறென்ன சொல்ல?

பழகுநர் உரிமம் எடுத்தோம். அறுபத்தெட்டு வயது என்றதும் கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள், அப்புறம் முத்திரை குத்திவிட்டாள். ஞாயிறு காலை, பழைய மில்லுக்குப் பின்னால் லாரிகள் நிறுத்தும் மைதானம் காலியாக இருக்கும் என்று அங்கே போனோம். நான் பக்கத்து சீட்டில். நம் காரில் அந்த சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருப்பது உனக்குத் தெரியும், கற்றுக்கொடுக்கிற கார் என்பதால் வைத்தது. உன் அப்பா எதிரே பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "கால் அதுமேலதானே இருக்கு?" என்று கேட்டபடியே. முன்னாடி பாருங்கள் என்று கத்தினேன். நாலைந்து தடவை வண்டி துள்ளி நின்றது. அதற்கப்புறம் நிற்கவில்லை. மைதானத்தைச் சுற்றி வந்தார், மறுபடியும் சுற்றினார், வியர்த்து ஒழுக ஒழுக வாய் முழுக்கச் சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. கடைசிச் சுற்றில் சுவர் பக்கமாக வந்தபோது என் கால் தானாக எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பிரேக்கில் படாமல் தரையில் வைத்தேன். அவரே பிரேக்கைப் பிடித்தார். இந்த நேரத்தில்தான் நீ எனக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறாய்.

திரும்பி வந்தபோது வியாபாரி கேட்டில் நின்றுகொண்டிருந்தார். பாவம், வெயிலில் காய்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்து, கார் விற்பனைக்கு இல்லை, மகன் எங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டான் என்று அனுப்பிவிட்டேன். நீ அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புச் சொல்லிவிடு. என்னிடம் சொல்லவேண்டாம்.

உனக்கு நினைவிருக்கிறதா? இதே காரில்தான் நீயும் பழகினாய். நாற்சந்தியில் தண்ணீர் லாரி குறுக்கே வந்த அன்று என் கால் பிரேக்குக்கு ஒரு விரல்கடை மேலே இருந்தது. பெற்ற பிள்ளை ஓட்டுகிறான், முன்னால் லாரி. ஆனாலும் நான் அழுத்தவில்லை. நீ பிடித்தாய். ஏன்மா பிடிக்கலை என்று அப்புறம் அழுதாய். நான் பிடித்திருந்தால் நீ கடைசிவரை என் காலை நம்பித்தான் ஓட்டியிருப்பாய் என்று அன்றைக்கே சொன்னேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதையும் இப்போது சொல்கிறேன்.

இன்றைக்கு நீ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து சீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறாய். நாங்கள் நகர்ந்தாலே உன் கால் போய் அழுத்துகிறது. அது பாசம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன், காலை எடு. ஏதாவது ஆனால் நாங்களே உன்னைக் கூப்பிடுவோம்.

லீவு எப்போது என்று எழுது. உன்னை அழைத்துவர கார் வரும், பகல் நேரமாகப் பார்த்து டிக்கெட் எடு. அதற்குள் அப்பாவுக்கு உரிமம் கையில் வந்துவிடும், அவர்தான் ஓட்டுவார். நீ பின்னால் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வரவேண்டும்.

திரும்பும்போது கட்டைக் காரை நீயே எடுத்துப் போய் உன் மேஜையில் வைத்துக்கொள். மிச்சம் கிடந்த துண்டுகளை வைத்து நான் அதில் ஒரு வேலை செய்திருக்கிறேன், புத்தகத்தில் தேடாதே, இருக்காது. பக்கத்து சீட்டுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பிரேக் வைத்திருக்கிறேன். எங்களை நினைத்து மனசு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் அதை விரலால் அழுத்திக்கொள். எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம். அதை எதோடும் இணைக்கவில்லை.

நீயும் மருமகளும் பேத்தியும் நன்றாக இருக்கவேண்டும். எங்களைப் பற்றிப் பயமில்லாமல் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் உன் அம்மா