செம்புத்தாளுக்குக் காட்டிய கற்பூரம்

ஒளியுருவான வேலவன் திருவடியே நமக்குத் துணை.

அன்புள்ள கோமதிக்கு ஆசிகள். அம்பத்தூரில் நான் நலம். உன் கண் பார்வை எப்படி இருக்கிறது? இதை மருமகள் லாவண்யா நிதானமாகப் படித்துக் காட்டட்டும்.

இங்கே வெள்ளிக்குப் பதிலாகச் செம்பு உப்பைப் பூசிப் புகைப்படத்தாள் செய்கிறோம் அல்லவா? ஒளிபட்ட தாளைச் சூடான உருளைக்குள் செலுத்தினால், ஒரு சொட்டு நீரும் இன்றிப் படம் எழும். நேற்று அதை வாங்க வந்தோர் முன்னிலையில் சோதனை. அது தவறினால் எல்லாம் புதிதாகப் பூச வேண்டும்; உன் கண் அறுவைச் சிகிச்சைக்கு நான் வந்து சேர இயலாது.

வெள்ளிக்கிழமை ஆதலால் இயந்திரத்துக்குக் கற்பூரம் காட்டினேன். காட்டி முடித்த பின்பே, சோதனைத் தாள்கள் கறுப்பு உறையின்றி அருகில் கிடப்பதைக் கண்டேன். சுடரின் ஒளி பதிந்திருந்தால் தாள்கள் பாழ்.

"இன்னா பெரியவரே, மிஷினுக்குக் காட்ட சொன்னா ஷீட்டுக்கும் சேத்து காட்டிகீறீங்க?" என்றாள் உடன் பணிபுரியும் ராணி. "சரி வுடுங்க, சாமி பாத்துக்கும். போட்டுப் பாப்போம்."

படத்தின் ஒவ்வொரு கோடும் மாசின்றி எழுந்தது. ஒளியை மிக மெதுவாகவே ஏற்கிறது என்று நாங்கள் நாள்தோறும் குறைபட்ட செம்பு, கற்பூரச் சுடரைப் பொருட்படுத்தவே இல்லை. அக்குறையையும் அருளாக வைத்தவனை எண்ணிக் கைகூப்பினேன்.

புதன்கிழமை புறப்படுகிறேன். அதுவரை மாலைப் பூஜையின்போது என்னைக் கைப்பேசியில் அழைத்து, அதை மணிக்கு அருகில் வைத்துவிடு. பேச வேண்டாம், ஓசை கேட்டால் போதும். வேலைக்குச் செல்லும் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் கண்களில் ஒளியும் நம் இல்லத்தில் அமைதியும் என்றும் நிலைக்க வேலவன் அருள்க.

தட்சிணாமூர்த்தி